டஞ்சன் (dungeon) என்ற ஆங்கிலச் சொல்லின் வேரைப் பிள்ளைகளோடு தேடுவது எப்படி?

மலேசியாவின் பத்து காஜாவில் டியூஷன் எடுக்கிறேன். போன பள்ளி விடுமுறையில் பிள்ளைகளைக் கெல்லி என்ற ஸ்காட்லாந்துக்காரர் கட்டிய கெல்லிஸ் காசல் மாளிகைக்குக் கூட்டிப்போனேன். மது பாட்டில் வைக்கக் கட்டிய நிலவறையில் நின்றுகொண்டு ஒரு பையன், "டீச்சர், இதுதான் டஞ்சனா? தஞ்சம்ங்கிற சொல்லிலிருந்து வந்ததா?" என்றான்.

இப்படிக் கேட்கிற பிள்ளையிடம் வெறுமனே 'இல்லை' என்று சொல்லிவிடாதீர்கள். முதலில் பொருளைக் கேளுங்கள். தஞ்சம் என்றால் அடைக்கலம்; டஞ்சன் கோட்டைக்கு அடியில் இருக்கும் சிறை. ஓசை மட்டும் ஒத்துப்போனால் போதாது.

அப்புறம் பெரிய அகராதியில் சொற்பிறப்புக் குறிப்பைத் தேடச் சொல்லுங்கள். பழைய பிரெஞ்சில் இது 'டோன்ஜோன்'. பொருள் சிறை அல்ல, கோட்டையின் தலைமைக் கோபுரம்! பிரெஞ்சுக்காரர்களுக்கு இன்றும் அதே பொருள்தான். பாரிஸை ஒட்டிய வின்சென் கோட்டையில் சுமார் 50 மீட்டர் உயரத்துக்கு அப்படி ஒன்று நிற்கிறது. நான் பிள்ளைகளை வெளியே கூட்டிவந்து, கெல்லி கட்டிய கோபுரத்தைக் காட்டினேன்.

இன்னும் பின்னால் போனால் லத்தீன் 'டோமினுஸ்', அதாவது எஜமான். என் அம்மா பால் மரம் வெட்டிய ரப்பர் தோட்டத்தில் எஜமானைத் துரை என்பார்கள். டோமினுஸிலிருந்து ஆட்சி என்ற பொருளில் பிறந்த சொல்தான் டோன்ஜோன் ஆனது. நம் 'துரைத்தனம்' போலவே. இந்த இடத்தில் அவசரப்படாமல், உறவுச் சொற்களைத் தேடவிடுங்கள். டோமினுஸின் பெண்பால் 'டோமினா'. நாம் தினமும் சொல்லும் 'மேடம்' அதன் வழி வந்ததுதான். பிள்ளைகளின் கண் விரியும்.

கோபுரம் எப்படிப் பாதாளத்துக்கு இறங்கியது? கோட்டையிலேயே உறுதியான இடம் அதுதான். கைதிகளையும் அதற்குள்ளேயே அடைத்தார்கள். 14ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் இரண்டு பொருளும் இருந்தன. பிறகு சிறை மட்டும் தங்கிவிட்டது.

மேலே ஒரே திறப்புள்ள குழிச்சிறைக்குத் தனிப் பெயர் உண்டு: 'ஊப்லியெத்'. 'மறத்தல்' என்ற பிரெஞ்சு வினையிலிருந்து வந்தது. உள்ளே போட்டு மறந்துவிடும் இடம்.

கடைசியில் தமிழ்ப் பெயர். நிலவறை என்று மட்டும் எழுதினால் சாமான் வைக்கும் அறையாகிவிடும். பாதாளச் சிறை என்று எழுத வையுங்கள். பழைய சொல் கேட்டால் சிறைக்கோட்டம் சொல்லுங்கள். மணிமேகலை அறக்கோட்டமாக மாற்றினாளே, அந்தச் சிறைக்கோட்டம்.