ஒரு டீமின் ஜாப் மற்ற டீம்களை முடக்கியபோது

கன்டெய்னர்களை (தனித்தனியாகப் பொதிந்து ஓடும் புரோகிராம்களை) இயக்கும் எங்கள் குபர்நெட்டிஸ் கிளஸ்டரைப் (சேர்ந்து இயங்கும் சர்வர் தொகுப்பைப்) பல டீம்கள் பகிர்ந்துகொள்கின்றன. மாதக் கடைசியில் ரிப்போர்ட் ஜாப்கள் மெமரியை விழுங்கிவிட, அதே நோடில் (கிளஸ்டரின் ஒரு சர்வரில்) ஓடிய மற்ற டீம்களின் பாட்களும் (கன்டெய்னர்கள் ஓடும் அலகுகளும்) வெளியேற்றப்பட்டன.

டீமுக்கொரு நேம்ஸ்பேஸ் (கிளஸ்டருக்குள் தனிப் பகுதி) ஏற்கெனவே இருந்தது. ஆனால் அது மட்டும் சிபியுவையோ மெமரியையோ பங்கு பிரிக்காது. அதனால் ஒவ்வொன்றிலும் ரிசோர்ஸ்கோட்டா (ஒரு நேம்ஸ்பேஸ் மொத்தமாக எடுக்கக்கூடிய அளவுக்கு உச்ச வரம்பு) போட்டேன்.

அப்புறம் புதுச் சிக்கல். டிப்ளாய்மென்ட் (எந்தப் பாட், எத்தனை ஓட வேண்டும் என்ற அமைப்பு) உருவாகிறது, பாட் ஒன்றுகூட வரவில்லை, பாட் பட்டியலில் எந்தப் பிழையும் இல்லை. டிப்ளாய்மென்ட்டுக்காகப் பாட்களை உருவாக்கும் ரெப்ளிகாசெட்டை டிஸ்கிரைப் செய்து (விவரங்களைக் காட்டச் சொல்லிப்) பார்த்தால் காரணம் இருந்தது: கோட்டா சிபியு, மெமரிக்கு வரம்பு வைத்திருந்தால், ரிக்வெஸ்ட்டும் (தனக்கு ஒதுக்கக் கேட்கும் அளவு) லிமிட்டும் (தாண்டக் கூடாத அளவு) குறிப்பிடாத பாட் நிராகரிக்கப்படும். நேம்ஸ்பேஸில் வைக்கும் லிமிட்ரேஞ்ச் என்ற விதி மூலம், அவற்றைக் குறிப்பிடாத பாட்களுக்கு இயல்பு மதிப்புகளைக் கொடுத்ததும் சரியானது. ஏற்கெனவே ஓடும் பாட்களைக் கோட்டா தொடாது; இயல்பு மதிப்புகள் அவற்றுக்கும் கிடைக்க, அவற்றை ஒவ்வொன்றாக மறுதொடக்கம் செய்தேன்.

மெமரி லிமிட்டைத் தாராளமாகவே வையுங்கள். சிபியு வரம்பைத் தொட்டால் வேகம்தான் குறையும். மெமரி தாண்டினால் கன்டெய்னரே கொல்லப்படும்.

யூசர்களுக்கு அவரவர் நேம்ஸ்பேஸில் மட்டும் எடிட் ரோலை (திருத்தும் அனுமதிகளின் தொகுப்பை) ரோல்பைண்டிங் (ரோலை யூசரோடு இணைக்கும் அமைப்பு) வழியாகக் கொடுத்தேன். அந்த ரோலை வைத்துக் கோட்டாவைப் பார்க்கலாம், மாற்ற முடியாது.