மாலை வகுப்பில் வரைபட மென்பொருள்: சத்தமில்லாமல் நேரும் தவறுகள்

பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு மாலையில் கணினி அறைக்குள் நுழைகிறவரிடம் மிஞ்சியிருப்பது இரண்டு மணி நேரமும் பாதித் தெம்பும்தான். ஆசிரியர் சொன்ன வரிசையில் பொத்தான்களை அழுத்தி, வண்ண வண்ணமாக ஒரு வரைபடம் திரையில் விரிந்துவிட்டால் கற்றுக்கொண்டுவிட்டோம் என்று தோன்றிவிடும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஒரு பருவம் முழுக்க அந்த நினைப்பிலேயே ஓட்டினேன். பிறகு அதே வகுப்பில் பயிற்சி உதவியாளராக உட்கார்ந்து மற்றவர்களின் திரைகளை எட்டிப் பார்க்கத் தொடங்கியபோதுதான் விஷயம் விளங்கியது. இந்த மென்பொருளில் சிவப்பு எழுத்தில் பிழைச் செய்தி வந்தால் நல்ல காலம். ஒன்றுமே சொல்லாமல், தப்பான வரைபடத்தை அழகாக வரைந்து நீட்டும்போதுதான் மாட்டிக்கொள்கிறோம்.

இலவசமாகக் கிடைக்கும் கியூஜிஐஎஸ் ஆனாலும், பணம் கட்டி வாங்கும் ஆர்க்ஜிஐஎஸ் ஆனாலும் இந்தக் குணம் மாறாது. கொடுத்த எண்ணை அப்படியே நம்பும். அந்த எண் மீட்டரா டிகிரியா, அட்சரேகையா தீர்க்கரேகையா என்பதெல்லாம் நம் பொறுப்பு.

பென் டிரைவில் வந்தது வரைபடம் அல்ல

முதல் மாதத்தில் அநேகமாக எல்லோரும் விழும் குழி இது. வகுப்பில் இரண்டு மணி நேர வேலையைச் சேமித்து, அந்தக் கோப்பைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறோம். திறந்தால் லேயர்கள் (தெரு, ஆறு என்று ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் தரவுப் படலங்கள்) ஒன்றுகூட இல்லை. எந்தெந்தக் கோப்பு கிடைக்கவில்லை என்று ஒரு பட்டியல் மட்டும் வந்து நிற்கிறது. திட்டக் கோப்புக்குள் தரவு இருக்காது. எந்த லேயர் எந்த ஃபோல்டரில் இருக்கிறது, அதற்கு என்ன நிறம், கோட்டின் தடிமன் எவ்வளவு என்ற குறிப்புகள்தான் இருக்கும். விலாசம் எழுதிய சீட்டை எடுத்து வந்துவிட்டு வீட்டைக் காணோம் என்று தேடுவது போன்றது. திட்டக் கோப்பையும் தரவுகளையும் முதல் நாளிலிருந்தே ஒரே ஃபோல்டரில் வையுங்கள்; எடுத்துப் போகும்போது ஃபோல்டரோடு எடுத்துப் போங்கள். கோப்புப் பாதைகள் 'சார்புப் பாதை' என்ற அமைப்பில் இருக்கின்றனவா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

வரைபடத் தரவைச் சேமிக்கும் பழைய கோப்பு வடிவமான ஷேப்ஃபைல் பெயரில் ஒருமை, நடைமுறையில் பன்மை. எஸ்ஹெச்பி, எஸ்ஹெச்எக்ஸ், டிபிஎஃப் என்று ஒரே பெயரில் குறைந்தது மூன்று கோப்புகள் சேர்ந்தால்தான் அது திறக்கும். நான்காவதான பிஆர்ஜே கோப்பு இல்லாவிட்டாலும் திறந்துவிடும். ஆனால் உலகத்தில் எங்கே உட்கார வேண்டும் என்பது அதற்குத் தெரியாது. நண்பருக்கு மின்னஞ்சலில் எஸ்ஹெச்பியை மட்டும் அனுப்பிவிட்டு 'எனக்குத் திறக்கிறதே' என்று வாதாடியவர்களைப் பார்த்திருக்கிறேன். அட்டவணையில் பத்தியின் பெயர் 10 பைட்டைத் தாண்டக் கூடாது என்ற கட்டுப்பாடும் இதில் உண்டு. எழுத்துகளைக் கணினியில் பதியும் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறி மூன்று பைட் எடுக்கும் என்பதால், ஆசையாக 'மக்கள்தொகை' என்று வைத்த பெயர் தலை மட்டும் மிஞ்சி நிற்கும். 1990களின் தொடக்கத்தில் பிறந்த வடிவம். குறை சொல்லிப் பயனில்லை. புதிதாகத் தொடங்குகிறவர்கள் ஜியோபேக்கேஜ் என்ற புதிய வடிவத்தில் சேமிக்கலாம். எல்லாம் ஒரே கோப்பில் அடங்கிவிடும்.

பெயரை மாற்றுவது வேறு, கணக்கை மாற்றுவது வேறு

இந்தப் பாடத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் நின்று நிதானிக்க நேரம் இருக்கிறது என்றால், புரொஜெக்ஷனில் நில்லுங்கள். உருண்டையான பூமியைத் தட்டையான திரையில் பரப்பும் கணக்கு அது. எந்தக் கணக்கிலும் ஏதோ ஒன்று கெடும். பரப்பு கெடலாம், தூரம் கெடலாம், வடிவம் கெடலாம். இதுவரை எல்லா ஆசிரியர்களும் சொல்லிவிடுவார்கள். ஆரஞ்சுத் தோலை உரித்துக்கூடக் காட்டுவார்கள். ஆனால் மாணவர் இடறுவது தோலில் அல்ல, மெனுவில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு கட்டளைகளில்.

ஒன்று, லேயரின் ஆள்கூற்று முறை (இடங்களை எந்த எண்களால், எந்த அலகில் குறிப்பது என்ற ஏற்பாடு) இன்னது என்று அறிவிப்பது. மற்றொன்று, லேயரை ஒரு முறையிலிருந்து வேறொரு முறைக்கு உண்மையிலேயே மாற்றி எழுதுவது. '3 மீட்டர் துணி' என்று எழுதிய சீட்டில் மீட்டரை அடித்துவிட்டு அடி என்று எழுதினால் துணி குறையாது, சீட்டுதான் பொய்யாகும். முதல் கட்டளை சீட்டைத் திருத்துகிறது. இரண்டாவதுதான் அளந்து, கணக்கிட்டு, புதிய எண்களை எழுதுகிறது. சீட்டே இல்லாமல் வந்த லேயருக்கும், தப்பான சீட்டோடு வந்த லேயருக்கும் மட்டுமே முதல் கட்டளை. மற்ற நேரங்களில் இரண்டாவது.

ஒருநாள் வகுப்பில் ஒரு பெண் தன் நகரத்தின் தெருக்கள் மறைந்துவிட்டன என்று கூப்பிட்டார். லேயர் பட்டியலில் தெருக்கள் இருந்தன. திரை வெறுமையாக இருந்தது. 'இந்த லேயருக்குப் பெரிதாக்கு' என்று கொடுத்ததும் தெருக்கள் ஒழுங்காக வந்தன. ஆனால் கீழே இருந்த பின்னணி வரைபடத்தில் ஒரே நீல நிறம். அட்சரேகை பூஜ்யமும் தீர்க்கரேகை பூஜ்யமும் சந்திக்கும் இடம் ஆப்பிரிக்காவுக்கு மேற்கே கினி வளைகுடாவில் இருக்கிறது. வரைபடக்காரர்கள் அதை 'நல் ஐலண்ட்' என்று கேலியாகச் சொல்வார்கள். தீவு கிடையாது, வெறும் கடல்தான். அவர் டிகிரியில் இருந்த தரவுக்கு, மீட்டரில் கணக்கிடும் முறை ஒன்றின் எண்ணான 3857ஐச் சீட்டாக ஒட்டியிருந்தார். 30 டிகிரி கிழக்கு, 50 டிகிரி வடக்கு என்ற இடம் உடனே பூஜ்யப் புள்ளியிலிருந்து 30 மீட்டர் கிழக்கு, 50 மீட்டர் வடக்கு ஆகிவிடும். 0.2 டிகிரி அகலமுள்ள நகரம் 20 சென்டிமீட்டருக்குள், ஒரு சாண் அகலத்துக்குள், கடலில் கிடந்தது. இதற்கும் மென்பொருள் ஒரு வார்த்தை பேசவில்லை.

இந்தப் பிழை கண்ணில் பட்டுவிட்டது. அது அவருடைய அதிர்ஷ்டம். படாத பிழைகளுக்குக் காரணம் ஒரு வசதி. வெவ்வேறு முறைகளில் இருக்கும் லேயர்களை மென்பொருள் திரையில் காட்டும்போது மட்டும் தானே ஒத்துப்போகச் செய்துவிடும். பார்க்க எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று கச்சிதமாக உட்கார்ந்திருக்கும். உள்ளே எண்கள் ஒன்று டிகிரியிலும் மற்றொன்று மீட்டரிலும் கிடக்கும். இந்த நிலையில் பள்ளியைச் சுற்றி 500 மீட்டர் பஃபர், அதாவது அந்தத் தூரத்துக்குள் அடங்கும் வட்டம், வரையச் சொன்னால் என்ன ஆகும்? டிகிரி லேயரில் 500 என்று கொடுத்தால் பூமியையே விழுங்கும் வட்டம் வரும். அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, 'ஒரு டிகிரி சுமார் 111 கிலோமீட்டர், அப்படியானால் 0.0045 கொடுப்போம்' என்று கணக்குப் போடும் கெட்டிக்காரர்கள்தான் ஆபத்தில் இருக்கிறார்கள். வட தென் திசையில் அது சரி. கிழக்கு மேற்கில் நிலநடுக்கோட்டை விட்டு விலக விலக ஒரு டிகிரி சுருங்கிக்கொண்டே போகும். 60 டிகிரி அட்சரேகையில் பாதியாகிவிடும். திரையில் வட்டம், தரையில் முட்டை.

சரி, மீட்டரில் இருக்கும் 3857க்கு மாற்றிவிட்டால்? அதுவும் தீர்வல்ல. இணைய வரைபடங்கள் பயன்படுத்தும் இந்த வெப் மெர்க்கேட்டரில், 60 டிகிரியில் நீளம் இரண்டு மடங்காகவும் பரப்பு நான்கு மடங்காகவும் ஊதியிருக்கும். கிரீன்லாந்து ஆப்பிரிக்காவுக்குச் சமமாகத் தெரிவது இதனால்தான். உண்மையில் ஆப்பிரிக்கா ஏறத்தாழ 14 மடங்கு பெரியது. 60 டிகிரியில் 500 மீட்டர் பஃபர் போட்டால் தரையில் 250 மீட்டர்தான் கிடைக்கும். இன்னொரு குழப்பமும் சேரும்: கியூஜிஐஎஸ்ஸின் அளவுகோல் கருவி வழக்கமாகப் பூமியின் வளைவைக் கணக்கில் எடுத்துக்கொண்டு சரியான தூரத்தைச் சொல்லும், பஃபர் கருவி எடுத்துக்கொள்ளாது. ஒரே திரையில் இரண்டு விடைகள். பின்னணிப் படம் பார்க்க 3857 போதும். தூரமோ பரப்போ அளக்க, உங்கள் பகுதிக்குரிய யூடிஎம் மண்டலத்துக்கு மாற்றுங்கள். உலகத்தை 6 டிகிரி அகலமுள்ள 60 பட்டைகளாகப் பிரித்த முறை அது. பட்டையின் நடுக்கோட்டில் பிழை நூறு மீட்டருக்கு நாலு சென்டிமீட்டர்தான்.

எண்களும் எழுத்துகளும்

விரிதாளிலிருந்து புள்ளிகளைக் கொண்டுவரும்போது எக்ஸ் என்ற கட்டத்தில் தீர்க்கரேகையும் ஒய் என்ற கட்டத்தில் அட்சரேகையும் போக வேண்டும். பேச்சில் அட்சரேகையை முதலில் சொல்லிப் பழகிய நாக்கு, கையையும் அப்படியே இழுத்துப்போகும். இது இடம் மாறினால் ஊர் வேறு கண்டத்தில் போய் விழும், கண்டுபிடித்துவிடலாம். 10 டிகிரி 30 நிமிடத்தை 10.30 என்று அடிப்பதுதான் விஷமம். 30 நிமிடம் அரை டிகிரி, எனவே 10.5. இந்த 0.2 வித்தியாசத்தில் புள்ளி ஏறக்குறைய 22 கிலோமீட்டர் தள்ளி, ஆனால் அதே வட்டாரத்துக்குள், நம்பும்படியாக உட்கார்ந்திருக்கும்.

அட்டவணையை வரைபடத்தோடு இணைக்கும்போது 007 என்ற பகுதிக் குறியீட்டை விரிதாள் 7 ஆக்கிவிடும். பொருத்தம் கிடைக்காத பகுதிகள் வெறுமையாக நிற்கும். வெள்ளை நிறத்தில் இருப்பதால் 'அங்கே மதிப்பு குறைவு போலிருக்கிறது' என்று நாமே ஒரு விளக்கத்தையும் கண்டுபிடித்துக்கொள்வோம். இணைத்த கையோடு எத்தனை வரிகள் காலியாக இருக்கின்றன என்று எண்ணிவிடுங்கள். குறியீடுகளை எப்போதும் எழுத்தாகவே இறக்குமதி செய்யுங்கள். அவற்றை யாரும் கூட்டிக் கழிக்கப் போவதில்லை.

பிழை பூஜ்யம் என்று நான் பெருமைப்பட்ட நாள்

பழைய காகித வரைபடத்தை ஸ்கேன் செய்து, அதன் புள்ளிகளை உண்மையான இடங்களோடு பொருத்தும் பயிற்சி. தெரிந்த மூன்று இடங்களைக் குறித்தேன். சராசரிப் பிழை 0.00 என்று வந்தது. பக்கத்து இருக்கைக்காரருக்கு ஏழு புள்ளிகள், பிழை 3.8. அவரைப் பரிதாபமாகப் பார்த்தேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். ஆசிரியர் ஒன்றும் சொல்லாமல் என் படத்தின் எதிர்மூலைக்குப் போய்ப் பெரிதாக்கினார். அங்கே சாலை ஆற்றுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

படத்தை நகர்த்தி, திருப்பி, சீராக நீட்டிப் பொருத்தும் முதல் நிலை மாற்றத்துக்குத் தேவையே மூன்று புள்ளிகள்தான். மூன்றே கொடுத்தால் கணக்கு எப்படியும் பொருந்தும்; பிழையைக் காட்ட மிச்சம் ஒரு புள்ளியும் இருக்காது. சாட்சியே இல்லாத வழக்கில் கிடைத்த விடுதலை மாதிரி. என் மூன்று புள்ளிகளும் ஒரே மூலையில் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன என்பது கூடுதல் அழகு. நான்கு மூலைகளிலும் நடுவிலுமாக ஆறேழு புள்ளிகளைப் பரப்புங்கள். ஒன்றில் மட்டும் பிழை துருத்திக்கொண்டு நின்றால் உடனே அதை நீக்கிவிடாதீர்கள். இடத்தைத் தப்பாக அடையாளம் கண்டிருப்பீர்கள், போய்ப் பாருங்கள்.

நிறம் தீட்டுவதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதலாம் என்பதால் ஒன்றைமட்டும் சொல்கிறேன்: எண்ணிக்கையை நேரடியாக நிறமாக்காதீர்கள். பெரிய மாவட்டத்தில் நோயாளிகள் அதிகம் என்றால் அங்கே ஆட்கள் அதிகம் என்று மட்டுமே பொருளாக இருக்கலாம். ஆயிரம் பேருக்கு எத்தனை, சதுர கிலோமீட்டருக்கு எத்தனை என்று வகுத்த பிறகு தீட்டுங்கள். சிவப்பையும் பச்சையையும் எதிரெதிரே வைக்கும் ஆசையையும் அடக்கிக்கொள்ளுங்கள். அவற்றைப் பிரித்தறிய முடியாதவர்கள், குறிப்பாக ஆண்களில், கணிசமாக இருக்கிறார்கள்.

நோட்டில் என்ன எழுதுகிறீர்கள்?

வாரம் இரண்டு மாலைகள் மட்டும் படிக்கிறவர்களின் நோட்டில் 'இதை அழுத்து, பிறகு அதை அழுத்து, சரி கொடு' என்ற வரிசைதான் நிறைந்திருக்கும். அடுத்த பதிப்பில் பொத்தான் இடம் மாறியதும் நோட்டு செல்லாக் காசாகிவிடும். ஒவ்வொரு படிக்கும் எதிரே, எதற்காக என்று ஒரு வரி போதும். 'மீட்டரில் அளக்க வேண்டியதால் யூடிஎம்முக்கு மாற்றினோம்' என்று எழுதியவர் எந்த மென்பொருளிலும் பிழைத்துக்கொள்வார்.

வகுப்பில் தரும் பயிற்சித் தரவு கழுவித் துடைத்தது; அதில் மேலே சொன்ன எதுவும் நடக்காது. ஆகவே ஒரு மாதம் ஆனதும் நீங்கள் நடந்து பழகிய பகுதி ஒன்றை எடுத்து, பொதுமக்கள் சேர்ந்து உருவாக்கும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து தரவை இறக்கிப் பழகுங்கள். இலவசம்தான், வரைபடத்தின் ஓரத்தில் அதன் பங்களிப்பாளர்களுக்கு நன்றிக்குறிப்பு போட வேண்டும் என்பது உரிம நிபந்தனை. நடந்த தெரு ஆற்றுக்கு அந்தப் பக்கம் தெரிந்தால், மென்பொருள் சொல்லாவிட்டாலும் உங்கள் கால்கள் சொல்லிவிடும்.

அந்தப் பகுதியில் விளையாட்டரங்கம் ஏதும் இருந்தால் இன்னொரு சோதனையும் உண்டு. 400 மீட்டர் ஓடுதளத்தின் நேர்ப்பகுதி, சர்வதேச அளவுப்படி, 84.39 மீட்டர். அதன் ஒரு முனையில் ஒரு புள்ளி வையுங்கள். புள்ளியைச் சுற்றி 84.39 மீட்டருக்குப் பஃபர் போடுங்கள். வட்டம் மறுமுனையைத் தொட்டால் வேலையைத் தொடரலாம். தொடாமல் பாதியில் நின்றாலோ, அரங்கத்தைத் தாண்டிப் போனாலோ, அன்றைய மாலை புரொஜெக்ஷனுக்கு.