ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றும் பழக்கத்தை ஊரிலேயே விட்டுவிட்டு வாருங்கள்

அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, பாளையங்கோட்டை என்று நம் பக்கத்திலிருந்து கனடாவின் ஆல்பர்ட்டாவுக்கு வந்து, ஜப்பானிலிருந்து இறங்கிய பழைய டீசல் வேன் வாங்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வலது பக்க ஸ்டீயரிங்கும் அந்த டீசல் சத்தமும் கேட்டதும் எனக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது, அதனாலேயே ஒரு மிட்சுபிஷி டெலிகா வாங்கினேன். நல்ல வண்டி, குறை சொல்ல மாட்டேன். ஆனால் முதல் குளிர்காலத்திலேயே இன்ஜின் போய்விட்டது, அது வண்டியின் தப்பு இல்லை.

பேப்பர் வேலை பெரிய விஷயமில்லை. 15 வருஷம் தாண்டிய வண்டி என்றால் கனடாவுக்குள் கொண்டுவரலாம், ஆல்பர்ட்டாவில் பதிய ஒரு இன்ஸ்பெக்‌ஷன் பாஸ் ஆக வேண்டும். ஜப்பானில் நம்மூர் மாதிரி இடது பக்கம் ஓட்டுவதால் ஹெட்லைட் வெளிச்சம் இடது பக்கம் சாய்ந்து விழும், அதை மாற்றச் சொல்வார்கள். வலது பக்க ஸ்டீயரிங்குக்கு இன்சூரன்ஸ் தர எல்லாக் கம்பெனியும் சம்மதிக்காது, பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன். என் அப்பா மாஞ்சோலைக்கு வேன் ஓட்டியவர். மணிமுத்தாறு தாண்டி ஏற ஏற வண்டி சூடாகும், ஓடைப் பக்கம் நிறுத்தி, சாக்கை வைத்து மூடியைத் திருகி, ஆவி அடங்கியதும் குடத்துத் தண்ணீரை ஊற்றுவார். அந்தக் கை எனக்கும் வந்துவிட்டது. ஜூலையில் ஜாஸ்பர் போகும் ஏற்றத்தில் இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் மேலே போனதும் கேன் தண்ணீர் நாலு லிட்டர் ஊற்றினேன், ஆகஸ்டில் இன்னொரு தடவை. விற்றவர் ‘வின்டர் ரெடி’ என்று சொல்லியிருந்தார், அவர் சொன்னது டயரை மட்டும் என்று அப்புறம்தான் புரிந்தது, இப்போது நினைத்தாலும் ஆத்திரம் வருகிறது.

நவம்பர் கடைசியில் ஒரு ராத்திரி மைனஸ் 31. காலையில் வண்டி கஷ்டப்பட்டு ஸ்டார்ட் ஆனது, ஐந்து நிமிஷம் ஓடியதும் ஹீட்டரில் வெறும் குளிர்க் காற்று, ஆனால் முள்ளோ சிவப்பைத் தொடுகிறது. வெளியே அந்தக் குளிரில் இன்ஜின் எப்படிச் சூடாகும் என்று எனக்குப் பிடிபடவில்லை. ரேடியேட்டருக்குள் கூலன்ட், அதாவது தண்ணீர் உறையாமல் இருக்கக் கலக்கும் திரவம், நான் ஊற்றிய தண்ணீரில் நீர்த்துப்போய்க் கூழாக உறைந்து ஓட்டமே நின்றுபோயிருந்தது. தண்ணீர் உறைந்தால் கிட்டத்தட்ட 9 சதவீதம் பெருகும், இரும்பு அதற்கு வழிவிடாது. குனிந்து பார்த்தால் இன்ஜின் பக்கவாட்டு மூடி ஒன்று காசு மாதிரி பிதுங்கி நிற்கிறது, கீழே பனியில் பச்சைச் சொட்டுகள் உறைந்து கிடக்கின்றன, இன்ஜினின் இரும்பு உடலான பிளாக்கில் தலைமுடி அளவுக்கு ஒரு கீறல். ஜப்பானிலிருந்து பழைய இன்ஜின் வரவழைத்து மாட்ட, வண்டி வாங்கிய விலையில் பாதி ஆனது.

ஜப்பானில் குளிர் குறைந்த இடங்களில் கூலன்ட்டைத் தண்ணீரில் 30 சதவீதம்தான் கலப்பார்கள், அது சுமார் மைனஸ் 15 வரைதான் தாங்கும். அதில் நான் வேறு தண்ணீர் ஊற்றியிருக்கிறேன். பாதிக்குப் பாதி என்றால் சுமார் மைனஸ் 37, அறுபது சதவீதம் என்றால் மைனஸ் 50 பக்கம். அதற்காகத் தண்ணீரே இல்லாமல் முழுக்கக் கூலன்ட் ஊற்றிவிடாதீர்கள், அது மைனஸ் 13-லேயே உறைய ஆரம்பிக்கும். கடையில் ஏற்கெனவே கலந்தது, கலக்காதது என்று இரண்டு விதம் இருக்கிறது, லேபிளைப் படித்து வாங்குங்கள். டெலிகா மாதிரி வேன்களில் பின்சீட்டுக்கும் தனி ஹீட்டர், அடியில் நீளமான குழாய் உண்டு. ரேடியேட்டரை மட்டும் திறந்துவிட்டால் பழசு பாதி உள்ளேயே தங்கிவிடும். முன்னும் பின்னும் ஹீட்டரைச் சூட்டில் வைத்து, பிளாக்கில் உள்ள திருகையும் கழற்றி வடிக்கச் சொல்லுங்கள், பக்கத்திலேயே நின்று பாருங்கள்.

டீசலுக்கு அதிகம் விளக்க வேண்டாம், மார்கழியில் தேங்காயெண்ணெய் பாட்டிலை வெயிலில் வைத்தவர்கள் நாம். டீசலிலும் மெழுகு இருக்கிறது, குளிரில் உறைந்து ஃபில்டரை அடைக்கும். குளிர் குறைந்த வான்கூவரில் வாங்கிய வண்டியை அங்கே அடித்த டீசலோடு மலை தாண்டி ஓட்டிவராதீர்கள், வழியில் குளிர்காலத்து டீசல் போட்டுக்கொள்ளுங்கள். ஃபில்டரை அக்டோபரில் மாற்றி, அதன் அடியில் தங்கும் தண்ணீரையும் வடித்துவிடுங்கள்.

இன்ஜினைக் கரன்டில் சூடாக்கி வைக்கும் பிளாக் ஹீட்டர் கட்டாயம், ஜப்பான் வண்டியில் பெரும்பாலும் இருக்காது. வீட்டு பிளக்கில் கிளம்புவதற்கு மூன்று நான்கு மணி நேரம் முன்னால் போட்டால் போதும். ஸ்டார்ட் செய்வதற்கு முன் இன்ஜினுக்குள் சூடேற்றும் க்ளோ பிளக்கின் விளக்கு அணையும் வரை பொறுங்கள், மைனஸ் 20-க்குக் கீழே போனால் இரண்டு தடவை. ஈதர் ஸ்ப்ரே அடித்து ஸ்டார்ட் செய்ய யாராவது வந்தால் விடாதீர்கள், க்ளோ பிளக் சூட்டில் வெடித்துப் பிஸ்டன் உடையும்.

கூலன்ட் எத்தனை டிகிரி வரை உறையாது என்று காட்டும் டெஸ்டர் விலை அதிகமில்லை, முதல் உறைபனிக்கு முன்பே வாங்கி, உங்கள் கையாலேயே பாருங்கள். அப்பா ஞாயிற்றுக்கிழமை போனில் இன்னமும் “தண்ணி பாத்தியால?” என்றுதான் கேட்கிறார். “பாத்துட்டேம்பா, மைனஸ் 42” என்கிறேன்.