சீடர் பாயிண்டில் ஒரு நாள்: எந்தக் கோஸ்டரில் எப்போது ஏறுவது?

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், ஈரி ஏரிக்குள் நீண்டு கிடக்கும் மெல்லிய நிலத்துண்டில் இருக்கிறது சீடர் பாயிண்ட், ரோலர் கோஸ்டர்கள் நிறைந்த பொழுதுபோக்குப் பூங்கா. கிளீவ்லாந்து, டெட்ராய்ட், கொலம்பஸ் பக்கம் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் விடியற்காலையில் காரை எடுத்தால் ஏறத்தாழ 2 மணி நேரத்தில் வந்துவிடலாம். வந்த பிறகு முக்கால்வாசிப் பேர் செய்யும் தவறு, வாசலைத் தாண்டியதும் கண்ணில் படுகிற முதல் கோஸ்டரில் வரிசை பிடிப்பது. கேட்கீப்பர், ராப்டர் இரண்டும் முன்பக்கத்தில் இருப்பதால் காலைக் கூட்டம் அங்கேயே தேங்கிவிடும். நீங்கள் அவற்றைக் கடந்து நேராகப் பின்கோடிக்கு, ஃபிரான்டியர்டவுன் பகுதிக்கு நடங்கள். குழந்தைகள் இல்லாமல் வேகமாக நடந்தாலே 20 நிமிடம் ஆகும்.

காரணம் வரிசைக் கணக்கு. அங்கே இருக்கும் மேவரிக் கோஸ்டரின் ஒரு வண்டியில் 12 பேர்தான் உட்கார முடியும். பக்கத்தில் உள்ள ஸ்டீல் வென்ஜன்ஸில் 24 பேர். நடுப்பகுதியில் உள்ள மில்லேனியம் ஃபோர்ஸில் 36 பேர். அதனால் மேவரிக்கில் சிறியதாகத் தெரியும் வரிசைகூட மெதுவாகத்தான் நகரும். எந்தக் கோஸ்டரிலும் நிற்பதற்கு முன் இரண்டு வண்டிகள் கிளம்பும் இடைவெளியைக் கைக்கடிகாரத்தில் பாருங்கள். 36 பேர் வண்டி 2 நிமிடத்துக்கு ஒன்று கிளம்பினால் மணிக்கு 1,080 பேர் போகிறார்கள்; உங்களுக்கு முன்னால் 540 பேர் என்றால் அரை மணி நேரம். அதே 540 பேர் 12 இருக்கை வண்டிக்கு அதே இடைவெளியில் நின்றால் ஒன்றரை மணி நேரம். கோஸ்டர் வாசல் பலகையில் எழுதியிருக்கும் காத்திருப்பு நேரத்தைவிட இந்தக் கணக்கை நம்பலாம். ஒரு வண்டியைப் பழுதுக்காக ஓரம்கட்டியிருந்தால் இடைவெளி கூடும். அதுவும் இதில் தெரிந்துவிடும்.

எனவே முதலில் மேவரிக், உடனே ஸ்டீல் வென்ஜன்ஸ். பூங்காவின் சொந்த விடுதியில் தங்குவோருக்கு முன்கூட்டியே நுழைய அனுமதி உண்டு. அன்றைக்கு எந்தக் கோஸ்டர்கள் அதில் அடக்கம் என்று முதல் நாள் இரவே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். 420 அடி உயர டாப் த்ரில் 2 ஓடுகிறதா என்று போகும் வழியில் கவனியுங்கள். ஏரிக்காற்று பலமாக அடித்தால் உயரமானவற்றைத்தான் முதலில் நிறுத்துவார்கள். ஓடிக்கொண்டிருந்து வரிசையும் குறைவாக இருந்தால் அப்போதே ஏறிவிடுங்கள், "சாயங்காலம் பார்த்துக்கலாம்" என்று விடாதீர்கள்.

எந்த நாளில் போவது என்பதற்குச் சுருக்கமான பதில், செவ்வாய் அல்லது புதன். பள்ளிகள் முழுதாக மூடாத ஜூன் தொடக்கமும், திறந்துவிட்ட ஆகஸ்ட் கடைசியும் நல்லவை. அக்டோபர் சனிக்கிழமைகளில் ஹாலோவீன் கூட்டம் இருக்கும், தவிர்த்துவிடுங்கள்.

முதல் வரிசையா, கடைசி வரிசையா என்பது வெறும் ருசி சார்ந்த விஷயம் இல்லை. வண்டி உச்சியைத் தாண்டும்போது முன்வரிசை மெதுவாகத்தான் கவியும், ஏனென்றால் பின்னால் உள்ள பாதி வண்டி இன்னும் ஏறிக்கொண்டே அதை இழுத்துப் பிடிக்கிறது. கடைசி வரிசை உச்சிக்கு வரும்போது முன்பாதி ஏற்கெனவே விழுந்துகொண்டிருக்கும். அதனால் நீங்கள் வெடுக்கென்று இழுக்கப்படுவீர்கள், உடம்பு இருக்கையை விட்டு எழும்பும். கோஸ்டர் ரசிகர்கள் ஏர்டைம் என்று சொல்வது இதைத்தான். 200 அடி செங்குத்தாக விழும் ஸ்டீல் வென்ஜன்ஸுக்குப் பின்வரிசை பொருத்தம். 310 அடியிலிருந்து இறங்கி மணிக்கு 93 மைல் தொடும் மில்லேனியம் ஃபோர்ஸுக்கு முன்வரிசை. அந்தக் காற்றும் ஏரிக் காட்சியும் பின்னால் கிடைக்காது. முன்வரிசைக்கு மட்டும் தனியாகக் காத்திருக்க வேண்டியிருக்கும், அது தகும்.

உட்காரும் விதத்தில்தான் வலி தீர்மானமாகிறது. இடுப்பை இருக்கையின் கடைசி வரை தள்ளி, முதுகை நிமிர்த்தி, அதற்குப் பிறகு மடிமேல் பூட்டும் கம்பியை இறக்குங்கள். சரிந்து உட்கார்ந்தால் கம்பிக்கும் தொடைக்கும் நடுவே இடைவெளி விழும். மேடுகளில் உடம்பு எழும்பி விழும்போது கம்பி இன்னும் ஒரு பல் இறங்கித் தொடையைக் கவ்வும். 1989இல் திறந்த மேக்னம் கோஸ்டரின் கடைசி மேடுகளில் நிறையப் பேர் கால் வலியோடு இறங்குவது இதனால்தான். தலையைப் பின்பலகையில் ஒட்டி, வண்டி போகும் திசையைப் பாருங்கள். பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்க்கத் திரும்பும்போதுதான் கழுத்து சுளுக்கும். மில்லேனியம் ஃபோர்ஸின் சீட் பெல்ட் குட்டையானது. பருமனானவர்கள் வரிசையில் நிற்கும் முன்பே வாசலில் வைத்திருக்கும் சோதனை இருக்கையில் உட்கார்ந்து பார்த்துவிட வேண்டும். ஒரு மணி நேரம் நின்று, மேடையிலிருந்து திரும்பி வருவது மிகவும் வேதனை.

பெரிய இறக்கத்தின் அடியில் பார்வை சாம்பல் நிறமாக மங்கினால் பயப்படாதீர்கள், இரத்தம் தலையிலிருந்து கீழே இறங்குவதால் வருவது அது. காலையும் வயிற்றையும் இறுக்கினால் குறையும். தண்ணீர் குடிக்காதவர்களுக்கும் வெறும் வயிற்றோடு வந்தவர்களுக்கும் அதிகம் வரும். கிளம்பும் முன் இரண்டு இட்லியோ கொஞ்சம் தயிர் சாதமோ போதும். மதியம் எண்ணெய்ப் பண்டம் சாப்பிட்டால் முக்கால் மணி நேரம் கோஸ்டர் பக்கம் போகாமல், பூங்காவுக்குள் ஓடும் நீராவி ரயிலில் உட்காருங்கள். காலுக்கும் ஓய்வு, பின்பகுதிக்கும் போய்ச் சேரலாம். குமட்டலுக்கு டைமென்ஹைட்ரினேட் மாத்திரையை ஏறுவதற்கு அரை மணி நேரம் முன்பே போட வேண்டும், குமட்டல் வந்த பிறகு போட்டால் பயன் குறைவு. தூக்கம் வரும் மருந்து அது, ஆகவே திரும்பிக் காரோட்டுபவர் போடக்கூடாது. இதய நோய், உயர் இரத்த அழுத்தம், கழுத்து முதுகுப் பிரச்சினை உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் பெரிய கோஸ்டர்களில் ஏறவே வேண்டாம்.

துப்பட்டாவையும் புடவையையும் வீட்டிலேயே விடுங்கள். தாலிச் சங்கிலியைச் சட்டைக்குள் போட்டுக்கொள்ளுங்கள், கண்ணாடிக்குப் பின்பக்கக் கயிறு கட்டுங்கள். செருப்புக்குப் பதில் கயிறு கட்டும் ஷூ. ஜிப் போட்ட பாக்கெட் உள்ள கால்சட்டை எல்லாவற்றையும்விட முக்கியம், ஏனென்றால் மணிக்கு 74 மைல் வேகத்தில் ஸ்டீல் வென்ஜன்ஸிலிருந்து பறக்கும் போன் கீழே நிற்பவர் தலையை உடைக்கும். எதை உள்ளே கொண்டுபோகலாம் என்ற விதி மாறிக்கொண்டே இருக்கும், வாசல் பலகையைப் படியுங்கள்.

குழந்தைகளின் உயரத்தை ஷூ போட்டு வீட்டிலேயே அளந்து வாருங்கள். மில்லேனியம் ஃபோர்ஸுக்கும் மேக்னத்துக்கும் 48 அங்குலம், மேவரிக்குக்கும் ஸ்டீல் வென்ஜன்ஸுக்கும் 52. அரை அங்குலம் குறைந்தாலும் விடமாட்டார்கள், கெஞ்சிப் பயனில்லை. ஒருவர் ஏற, மற்றவர் குழந்தையோடு இருந்துவிட்டு, பிறகு மறுபடி வரிசையில் நிற்காமல் ஏறும் ஏற்பாடு பெற்றோருக்கு உண்டு. நுழைவிலேயே கேட்டு வாங்குங்கள்.

இடி மின்னல் வந்தால் எல்லாம் நிற்கும், கூட்டத்தில் பாதி வீட்டுக்குக் கிளம்பும். ரெயின்கோட்டோடு கூரைக்கடியில் காத்திருங்கள். மழை விட்டதும் கிடைக்கும் ஒரு மணி நேரத்தில் காலையில் தவறவிட்ட மூன்று கோஸ்டர்களை முடித்துவிடலாம். வெயிலில் சூடேறிய சக்கர மசகு எண்ணெய் இளகுவதால் மாலையில் வண்டிகள் காலையைவிட வேகமாகவும் ஓடும். அதனால் இருக்கை அதிகமுள்ள மில்லேனியம் ஃபோர்ஸைக் கடைசிக்கு ஒதுக்கி வையுங்கள். மூடும் நேரத்துக்குப் பத்து நிமிடம் முன் வரிசைக்குள் நுழைந்துவிடுங்கள். இறங்கியதும் காருக்கு ஓடாதீர்கள்; ஏரியின் விரிகுடாவைக் கடக்கும் காஸ்வே எனும் மேட்டுச்சாலை அப்போது நெரிசலில் நிற்கும். அரை மணி நேரம் கரையில் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, தலைசுற்றல் முழுதாக அடங்கிய பிறகு வண்டியை எடுங்கள்.