சந்துச் சுவரில் எட்டடி கேரம் போர்டு: கோடு சாயாமல் வரைவது எப்படி?

ராயபுரத்தில் ஒரு கேரம் கிளப்பின் பக்கச் சுவரில் எட்டடிக்கு எட்டடி கேரம் போர்டு வரைந்ததிலிருந்து, பார்ப்பவர்கள் எல்லாம் வழி கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்கு இங்கேயே எழுதிவிடுகிறேன். புதுவண்ணாரப்பேட்டைப் பெண் காசிமா 2024-ல் அமெரிக்காவுக்குப் போய் கேரமில் மூன்று தங்கம் அடித்துவிட்டு வந்த பிறகு, சுவரில் கேரம் போர்டு எதற்கு என்று வடசென்னையில் யாரும் கேட்கப் போவதில்லை. முதன்முதலாகச் சுவரில் கை வைப்பவர்களுக்கும் இதுதான் வசதி. நேர்கோடும் வட்டமும்தான், முகம் கிடையாது.

ஒன்று மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 2020-ல் கண்ணகி நகரில் வந்த பெரிய ஓவியங்களைப் பார்த்துவிட்டுப் பலர் ஆசைப்படுகிறார்கள். அங்கே தள்ளி நின்று பார்க்க இடம் இருக்கிறது. நம் சந்தில் நாலடி பின்னால் வந்தால் எதிர்வீட்டு ஜன்னல் முதுகில் இடிக்கும். புரொஜெக்டர் வைக்க முடியாது, முழுச் சுவரையும் போனில் நேராகப் படம் எடுக்கவும் முடியாது. அதனால் நூல்தான் கதி.

முதலில் அனுமதி

சுவர்க்காரரிடம் எழுதி வாங்குங்கள். பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்க 1959-லிருந்தே சட்டம் இருக்கிறது. அப்புறம், சுவரில் ஏதாவது ஒரு கட்சி 'ரிசர்வ்' என்று எழுதி வைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். எழுதியிருந்தால் அந்தக் கட்சியின் வட்டக் கிளைக்காரர்களிடம் பேசிவிட்டுத்தான் தொட வேண்டும்.

உப்பு

காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் பக்கச் சுவர்களில் கீழே இரண்டு மூன்று அடிக்கு உப்புப் பூத்திருக்கும். அதைத் தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள், கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போகும். கம்பி பிரஷால் காய்ந்தபடியே தேய்த்துக் கொட்டுங்கள். பிறகு ஒரு பாலித்தீன் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, ஒரு நாள் விடுங்கள். உள்பக்கம் நீர்த்துளி இருந்தால் சுவர் இன்னும் ஈரம்.

ஈரம் காயவே காயாத சுவர் என்றால், கீழே இரண்டரை அடியை விட்டுவிடுங்கள். அந்தப் பட்டைக்கு வெறும் சுண்ணாம்பு போதும். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும். எமல்ஷன் தோல் மாதிரி மூடிக்கொண்டு கொப்புளம் கட்டும். எப்படியும் அந்த உயரத்தில் சைக்கிள் ஹேண்டில்பார் உரசாத நாள் இல்லை. போர்டு அதற்கு மேலே தொடங்கட்டும். மேல்பாகத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தண்ணீரில் கலக்கும் எக்ஸ்டீரியர் பிரைமர் ஒரு கோட், மரநிற எமல்ஷன் இரண்டு கோட். இதில் விசேஷம் ஒன்றும் இல்லை.

லெவல்

எனக்கு அதிக நேரம் தின்றது இந்த வேலைதான். உயரத்தை ஒருபோதும் தரையிலிருந்து அளக்காதீர்கள். ரோடு போட்டுப் போட்டுச் சந்து உயர்ந்திருக்கும், சாக்கடைப் பக்கம் சரிந்தும் இருக்கும். எட்டடிக்குள் இரண்டு அங்குலம் வித்தியாசம் சாதாரணம். செங்கல் வரிசையையோ ஜன்னல் விளிம்பையோ நம்பினாலும் அதே கதைதான்.

கொத்தனார்கள் வைத்திருக்கும் டியூப் லெவல் வாங்குங்கள். கண்ணாடி போன்ற நீளக் குழாய், உள்ளே தண்ணீர், அவ்வளவுதான். பாரிமுனை ஹார்டுவேர் கடைகளில் கேட்டால் வெட்டிக் கொடுப்பார்கள். ஒருவர் இந்த முனையைப் பிடிக்க, இன்னொருவர் அந்த முனையைப் பிடிக்க, தண்ணீர் நிற்கும் இடத்தில் இரண்டு பக்கமும் குறி. குழாய்க்குள் ஒரு சின்னக் குமிழி இருந்தாலும் அளவு பொய்யாகிவிடும், விரலால் தட்டித் தட்டி வெளியேற்றுங்கள். செங்குத்துக் கோட்டுக்குத் தூக்குக்குண்டு, அதாவது நூலில் கட்டித் தொங்கவிடும் குண்டு.

இனி நூல் அடிப்பது. பருத்தி நூலில் கலர் சாக்பீஸ் பொடியைத் தடவி, இரண்டு குறிக்கும் நடுவே விறைப்பாக இழுத்துப் பிடியுங்கள். நடுவில் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, இடப்பக்கம் ஒரு முறை, வலப்பக்கம் ஒரு முறை, சுவரிலிருந்து நேராக வெளியே இழுத்துச் சுண்டுங்கள். சாய்த்து இழுத்தால் கோடு வளையும். காவிப் பொடி வேண்டாம், வெளிர் நிறத்தில் ஊறி நிற்கும். காலையிலேயே முடியுங்கள், மதியம் கடல்காற்று ஆரம்பித்தால் நூல் ஆடும், பொடியும் பறக்கும்.

நாலு கோடும் விழுந்ததும் மூலைக்கு மூலை அளங்கள். இரண்டு குறுக்களவும் 11 அடி 3¾ அங்குலம் வந்தால் சதுரம் சரி. அரை அங்குலம் தவறினால்கூடத் திருத்துங்கள், ஏனென்றால் கேரம் ஆடுபவர்களின் கண் இஞ்ச் டேப்பை விடக் கறார்.

அளவு

நிஜ போர்டின் ஆடும் பரப்பு 74 செ.மீ., நடு வட்டம் 17 செ.மீ. எட்டடிக்குப் பெருக்கினால் வட்டம் 22 அங்குலம்: நடுவில் ஆணி, 11 அங்குல நூல், நுனியில் சாக்பீஸ். காய் நான்கு அங்குலத்துக்குச் சற்று மேல், ஸ்ட்ரைக்கர் ஐந்தே கால், பாக்கெட் ஆறுக்குக் கொஞ்சம் குறைவு. சமையலறையில் எவர்சில்வர் டப்பா மூடிகளை அளந்து பாருங்கள், மூன்றுக்கும் ஏதாவது ஒன்று பொருந்தும். ஒன்பது கறுப்பு, ஒன்பது வெள்ளை, ஒரு ரெட். ரெட்டைக் கடைசியில் வைக்கலாம் என்று விட்டிருந்தேன், அதற்குள் பொடியன்கள் சுற்றிக்கொண்டார்கள்: "இன்னாண்ணா, ரெட்டு எங்க?"

பெயின்ட்

எனாமல் வேண்டாம். பளபளப்பு முதல் மாதம்தான். ஈரமான சிமென்ட்டில் காரம் ஏறி உரிந்துவிடும். எக்ஸ்டீரியர் எமல்ஷன் போதும். கறுப்பும் சிவப்பும் கடையில் மெஷினிலேயே கலந்து வாங்குங்கள். வெள்ளையில் ஸ்டெய்னரை (நிறம் கூட்டும் சாயம்) கொட்டிக் கொட்டிக் கறுப்பு வரவழைக்கப் பார்த்தால் சாம்பல்தான் வரும், சீக்கிரம் காயவும் செய்யாது.

மாஸ்கிங் டேப் எனக்குப் பிடிக்காது, சொரசொரப்பான சுவரில் அடியில் ஒழுகும். போர்டு எழுதுபவர்கள் வைத்திருக்கும் நீளமுடி பிரஷ் ஒன்று கைக்குப் பழகினால் டேப்பே தேவைப்படாது. டேப்தான் வேண்டும் என்றால், ஒட்டியபின் விளிம்பில் முதலில் பின்னணி நிறத்தையே ஒரு இழுப்பு இழுத்துக் காயவிட்டு, அதன்மேல் கோட்டின் நிறம்.

கிழக்குப் பார்த்த சுவருக்கு மதியத்துக்கு மேல், மேற்குப் பார்த்ததற்குக் காலையில். வெயில் நேராக அடித்தால் பிரஷிலேயே காய்ந்துவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை தொடவே வேண்டாம்.

பின்சேர்க்கை: மேலே வார்னிஷ் அடிக்கலாமா என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். உப்புச் சுவரில் கூடாது, ஈரம் வெளியே வர வழி இருக்காது.

இன்னொரு பின்சேர்க்கை: வட்டம் முட்டையாகத் தெரிகிறது என்று ஒருவர் போட்டோ அனுப்பியிருந்தார். சந்துக்குள் பக்கவாட்டில் நின்று எடுத்தால் அப்படித்தான் தெரியும், அளவை மாற்றாதீர்கள். எதிர்வீட்டு அக்காவிடம் கேட்டு மொட்டை மாடிக்கு ஏறி ஒருமுறை பாருங்கள். அங்கிருந்தும் முட்டையாக இருந்தால் நூல் தளர்ந்திருக்கிறது; அடுத்த முறை நூலுக்குப் பதில் ஓட்டை போட்ட மரச்சட்டம் வைத்துச் சுற்றுங்கள்.