மதுரையிலிருந்து உலகத்துக்கு ஒரு வளத் தளம்: கோர்ஸ்ஒர்க் செய்யப்போகும் ஜூனியர்களுக்கு

"இணைய வளத் தளம் ஒன்றை உருவாக்குக, பிற நாட்டு வாசகருக்கும் பயன்பட வேண்டும்." போன வருடம் எங்களுக்கு அசைன்மென்ட் வந்தது இந்த ஒரே வரியில்தான். நாங்கள் ஐந்து பேர் குழு. முதல் வேலையாக லோகோ வரைந்தோம்: மீனாட்சியம்மன் கோபுரம், பின்னால் ஓர் உலக உருண்டை. மூன்று நாள் அதிலேயே போனது. அந்த லோகோ இப்போது தளத்தில் இல்லை.

இந்த வருடம் அதே வேலை உங்கள் தலையில் விழுந்திருப்பதாகக் கேள்வி. அதனால், நாங்கள் செய்த வரிசையை விட்டுவிட்டு, செய்திருக்க வேண்டிய வரிசையைச் சொல்கிறேன். கோடிங் தெரியாதவர்களும் பயப்பட வேண்டாம்.

படி 1: தலைப்பை ஒடுக்குங்கள்

"மதுரை" என்று தலைப்பு வைத்தால் ஜிகர்தண்டாவில் ஆரம்பித்து ஜல்லிக்கட்டில் முடியும். அதை யாரும் தேடி வரமாட்டார்கள், ஏற்கெனவே ஆயிரம் இடத்தில் கிடக்கிறது. நாங்கள் எடுத்தது ஊரைச் சுற்றியுள்ள சமணக் குன்றுகள். மாங்குளம், கீழவளவு, அரிட்டாபட்டி, முத்துப்பட்டி, கீழக்குயில்குடி சமணர் மலை என்று ஒரு நாளில் பஸ்ஸில் போய்த் திரும்பும் தூரத்துக்குள் கற்படுக்கைகளும் (முனிவர்கள் படுக்கப் பாறையில் வெட்டியவை), தமிழி, வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்துகளில் கல்வெட்டுகளும் இருக்கின்றன. மாங்குளம் கல்வெட்டில் பாண்டிய மன்னன் நெடுஞ்செழியன் பெயரே இருக்கிறது. அரிட்டாபட்டி 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. ஆனால் வெளிநாட்டு மாணவர் ஒருவர் இவற்றை ஒரே இடத்தில் படித்துவிட்டு, அடுத்து எங்கே போய்த் தேடுவது என்று தெரிந்துகொள்ள வழியில்லை.

தலைப்பு சரியா என்று பார்க்க ஒரு வழி. மதுரைக்கு வரவே முடியாத ஒருவர் இதைப் பற்றி என்னென்ன கேட்பார் என்று இருபது கேள்வி எழுதிப் பாருங்கள். எட்டிலேயே நின்றுவிட்டால் தலைப்பை மாற்றுங்கள். மல்லிகைப்பூ, சுங்குடி இரண்டும் நன்றாக வரும். இரண்டுக்கும் புவிசார் குறியீடு இருப்பதால் அரசு ஆவணங்களும் கிடைக்கும்.

படி 2: தளத்தைத் தொடாதீர்கள், அட்டவணை போடுங்கள்

மொத்த வேலையில் பாதி இதுதான். வளத் தளம் என்றால் லிங்க்குகளைக் கொட்டிவைத்த குப்பைத்தொட்டி என்று நினைத்து முதல் ரிவ்யூவுக்கு 140 லிங்க் கொண்டுபோனோம். மேடம் நடுவிலிருந்து ஒன்றைத் தொட்டு, "இதுல என்ன இருக்கு?" என்று கேட்டார். ஐந்து பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். யாரும் திறந்தே பார்த்திருக்கவில்லை.

அன்று இரவு எல்லாவற்றையும் கூகுள் ஷீட்டில் ஏற்றினோம். ஒவ்வொரு வளத்துக்கும் ஒரு வரிசை: பெயர், நடத்துபவர், நாடு, மொழி, இலவசமா, லாகின் வேண்டுமா, திறந்து பார்த்தவர் யார், எந்தத் தேதியில், கடைசியாக இரண்டு வரிக் குறிப்பு. குறிப்பு எழுத முடியாத லிங்க் தளத்தில் ஏறக் கூடாது என்று ஒரு சட்டம் போட்டோம். 140 என்பது 38 ஆனது. மார்க் குறையவில்லை.

குறிப்பு எப்படி இருக்க வேண்டும்? "மிகவும் பயனுள்ள தளம்" என்று எழுதினால் அடித்துவிடுங்கள். எங்கள் ஷீட்டிலிருந்து ஒன்று:

"மதுரைத் திட்டம். 1998 பொங்கலன்று தொடங்கிய தன்னார்வ முயற்சி. பல நாடுகளில் வாழும் தமிழர்கள் சேர்ந்து தந்த இலக்கிய நூல்கள் ஒருங்குறியிலும் (யூனிகோட்) பிடிஎஃப்பிலும் இலவசம். லாகின் தேவையில்லை. சங்க நூல்களின் மூலத்தைத் தேடுபவர் இங்கே தொடங்கலாம். கல்வெட்டுப் படம் தேடுபவருக்கு உதவாது."

அந்தக் கடைசி வரியைத்தான் மேடம் பாராட்டினார். எதற்கு உதவாது என்று சொன்னால்தான் படிப்பவருக்கு நேரம் மிச்சம். (பெயரைப் பார்த்துவிட்டு மதுரையில் அதற்கு ஆபீஸ் எங்கே என்று நான் தேடியது தனிக்கதை. தமிழ்ச்சங்கம் இருந்த ஊர் என்பதற்காக வைத்த பெயர் அது.)

இதே முறையில் ஈழத்து நூல்களுக்கு நூலகம் தளம், தமிழக அரசின் தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகம், புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் என்று நாடு விட்டு நாடு போகலாம். அவசரப்படாமல் ஒவ்வொன்றிலும் அரை மணி நேரமாவது உட்காருங்கள்.

படி 3: எழுத்துருவைச் சரிபாருங்கள்

ஒரு பேராசிரியர் தன் பழைய கட்டுரையை அன்பாகக் கொடுத்தார். திறந்தால் ஆங்கில எழுத்தாக ஓடுகிறது, புள்ளி வர வேண்டிய இடத்திலெல்லாம் அரைப்புள்ளி. பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்தது. அப்படியே ஒட்டினால் தேடுபொறிக்கும் புரியாது, சிங்கப்பூரில் இருப்பவருக்கும் புரியாது. கன்வெர்ட்டரில் போட்டு ஒருங்குறிக்கு மாற்றுங்கள். மாற்றிய பிறகு 'கொ', 'கோ' வரும் இடங்களைக் கண்ணால் பாருங்கள். கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் பிரிந்து கிடக்கும்.

படி 4: எங்கே கட்டுவது

கோடிங் தெரியாதா? கூகுள் சைட்ஸ் போதும். குழுவில் ஒருவருக்காவது எச்டிஎம்எல் தெரிந்தால் கிட்ஹப் பேஜஸ் (நீங்கள் ஏற்றும் ஃபைல்களைத் தளமாகக் காட்டும் சேவை) நல்லது. இலவசம், ஒரு ஜிபி வரை இடம், ஃபைல்களும் உங்கள் கையிலேயே இருக்கும். எதுவானாலும் கல்லூரி மெயில் ஐடியில் கணக்கு தொடங்காதீர்கள். எங்களுக்கு முந்தைய பேட்ச் தளம் அவர்கள் டிசி வாங்கிய இரண்டாம் மாதம் காணாமல் போனது. ஐடியை மூடிவிட்டார்கள், கூடவே தளமும் போய்விட்டது. குழுவுக்கென்று ஒரு மெயில் தொடங்கி, மீட்பு எண்ணாக இரண்டு பேர் நம்பரைக் கொடுங்கள்.

படி 5: வெளியூர்க்காரர் கண்ணால் எழுதுங்கள்

முதல் வரைவில் "நம்ம நாகமலை புதுக்கோட்டை பக்கம்" என்று எழுதியிருந்தேன். யாருக்கு 'நம்ம'? இன்னொரு புதுக்கோட்டை தனி மாவட்டமாகவே இருக்கிறது. ஊர் பெயரோடு மாவட்டம், மாநிலம், வரைபடப் புள்ளி மூன்றையும் கொடுங்கள். தேதியை 04/03 என்று எழுதினால் நமக்கு மார்ச் 4, அமெரிக்காவில் ஏப்ரல் 3. மாதத்தை எழுத்தில் போடுங்கள். "கோடையில் மலை ஏறாதீர்கள்" என்றால் ஆஸ்திரேலியாக்காரர் டிசம்பரைத் தவிர்த்துவிட்டு மே மாதம் வந்து நிற்பார்.

எங்களை ரொம்பப் படுத்தியது 'பள்ளி'. ஆங்கிலப் பக்கத்துக்கு ஒரு மொழிபெயர்ப்புச் செயலியை நம்பினோம். சமண முனிவர்கள் தங்கிய பள்ளிகள் எல்லாம் பிள்ளைகள் படிக்கும் ஸ்கூலாகி, கற்படுக்கை பெஞ்சாகிவிட்டது. மாங்குளம் கல்வெட்டிலேயே உள்ள சொல் அது, இரண்டாயிரம் வருடமாக நம்மிடம் இருக்கிறது. அதனால் தனியாகச் சொல்லடைவுப் பக்கம் ஒன்று போட்டோம்: பள்ளி, கற்படுக்கை, புடவு (குகை), முக்குடை (மூன்றடுக்குக் குடை), தமிழி, வட்டெழுத்து என்று முப்பது சொல். ஆங்கிலப் பக்கத்தை செயலியில் தொடங்கினாலும் வரிக்கு வரி நீங்களே திருத்துங்கள். தளத்தில் அதிகம் பேர் பார்ப்பது இப்போது அந்தச் சொல்லடைவைத்தான்.

படி 6: படங்கள்

இணையத்தில் கிடைத்த படத்தை எடுத்துப் போடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலை கீழக்குயில்குடி போங்கள். தாமரைக்குளம், அய்யனார் கோயிலைத் தாண்டிப் படி ஏறினால் பேச்சிப்பள்ளம். பாறையில் எட்டுச் சிற்பங்கள் வரிசையாக இருக்கும். சாய்வெயிலில்தான் புடைப்புத் தெரியும், உச்சிவெயிலில் எல்லாம் தட்டையாகிவிடும். எழுத்துத் தெளிவாகத் தெரிய வேண்டுமென்று சாக்பீஸ் தடவவோ தண்ணீர் ஊற்றவோ கூடாது.

ஏற்றும் முன் படத்தைச் சுருக்குங்கள். எங்கள் முகப்புப் பக்கத்தில் ஆறு எம்பி படம் நான்கு இருந்தன. வைவா நடந்த அறையில் சிக்னல் ஒற்றைக்கோடு, பக்கம் திறப்பதற்குள் மேடம் டீ குடித்து முடித்துவிட்டார். மாற்று உரையும் கட்டாயம் எழுதுங்கள். பார்வையற்றவருக்குத் திரைவாசிப்பான் அதைத்தான் படித்துக்காட்டும். 'படம் 3' என்றால் அவருக்கு என்ன தெரியும்? "அமர்ந்த தீர்த்தங்கரர், தலைக்கு மேல் முக்குடை, கீழே வட்டெழுத்து" என்று எழுதுங்கள்.

உரிமத்துக்கு கிரியேட்டிவ் காமன்ஸில் 'பெயர் குறிப்பிடல், அதேபோல் பகிர்தல்' வகையை எடுத்தோம். 'வணிக நோக்கற்றது' என்ற நிபந்தனையைச் சேர்த்தால் விக்கிமீடியா காமன்ஸில் படத்தை ஏற்ற முடியாது.

படி 7: கடல் கடந்து ஒருவரிடம் காட்டுங்கள்

என் பெரியம்மா மகள் மலேசியாவில் இருக்கிறார். லிங்க்கை அனுப்பாமல், "தேடிக் கண்டுபிடிங்கக்கா" என்றேன். அரை மணி நேரம் கழித்து போன்: "வரலையேடா, நீ என்ன ஸ்பெல்லிங் போட்டிருக்க?" கோளாறு 'ழ'வில். கீழக்குயில்குடியை ஆங்கிலத்தில் எழுதும்போது ஒருவர் இசட்-எச் போடுகிறார், ஒருவர் எல் போடுகிறார். கீழடிக்கும் இதே கதிதான். ஒவ்வொரு ஊர்ப் பக்கத்திலும் "இப்படியும் எழுதப்படுகிறது" என்று எல்லா எழுத்துக்கூட்டலையும் ஒரு வரியில் சேர்த்தோம். அடுத்த மாதம் அக்காவே கண்டுபிடித்துவிட்டார். கண்டுபிடித்ததும் அவர் கேட்டது, "மேல ஏறினா பாத்ரூம் இருக்காடா?" நாங்கள் எழுதிய இருபது கேள்வியில் அது இல்லை. சேர்த்துவிட்டோம்.

படி 8: ஒப்படைக்கும் முன்

38 லிங்க்கையும் இன்டர்நெட் ஆர்கைவின் வேபேக் மெஷினில் (இணையப் பக்கங்களின் பிரதியைச் சேமித்துவைக்கும் தளம்) சேமித்து, அந்தப் பிரதியின் லிங்க்கையும் பக்கத்திலேயே கொடுங்கள். நாங்கள் சமர்ப்பித்த நாளுக்கும் வைவாவுக்கும் நடுவில் இரண்டு தளங்கள் செத்துப்போயின. சேமித்த பிரதிதான் மானத்தைக் காப்பாற்றியது.

எங்கள் ஷீட்டையும் பாஸ்வேர்டையும் டிபார்ட்மென்ட் லைப்ரரியில் கொடுத்திருக்கிறேன். திறந்து பார்த்த தேதி ஆறு மாதத்துக்கு முந்தையதாக இருக்கும் வரிசைகளுக்கு மஞ்சள் நிறம் அடித்திருக்கிறது. முதலில் அந்த மஞ்சளைப் போக்குங்கள்.