ஸ்டெத் வைத்தும் ஒன்றும் கேட்கவில்லையா? போஸ்டிங் போகும் முன் கையால் பிபி பார்க்கப் பழகுங்கள்

நர்சிங் முதல் வருடம், மெடிக்கல் வார்டு போஸ்டிங். எட்டு பேருக்கு பிபி பார்க்கச் சொன்னார்கள். ஏழு பேருக்கு 120/80 என்று எழுதினேன். எல்லாம் ஒரே மாதிரி இருந்தால் மேடம் கண்டுபிடித்துவிடுவார் என்று எட்டாவது ஆளுக்கு மட்டும் 110/70. உண்மையில் யார் கையிலும் எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. லேப் பொம்மையின் கையில் டொக் டொக் என்று தெளிவாகக் கேட்டது, நிஜக் கையில் ஏன் கேட்கவில்லை என்று யாரிடமும் கேட்க வெட்கம்.

இப்போது நான் ஸ்டாஃப் நர்ஸ். என் வார்டுக்கு வரும் பிள்ளைகளும் அதே 120/80-ஐத்தான் எழுதுகிறார்கள். அதனால்தான் இந்தப் பதிவு. கை கழுவுவது, பெயர் கேட்டுச் சரிபார்ப்பது எல்லாம் உங்களுக்குத் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

முதலில் கருவி

ஸ்டெத்தின் காது முனைகள் முன்னோக்கி, அதாவது உங்கள் மூக்குப் பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். திருப்பி மாட்டினால் முனை காதுச் சுவரில் மோதி நிற்கும், சத்தம் பாதியாகிவிடும். அடுத்து, தலைப்பகுதியை விரலால் லேசாகத் தட்டிப் பாருங்கள். இரண்டு பக்கம் உள்ள ஸ்டெத்தில் ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான் திறந்திருக்கும். தட்டியது கேட்கவில்லையென்றால் தலையைக் கிளிக் என்று சத்தம் வரும்வரை திருப்புங்கள். என் எட்டு நோயாளிகளில் பாதிப் பேருக்கு நான் மூடிய பக்கத்தைத்தான் வைத்திருந்தேன் என்பது பிறகுதான் புரிந்தது.

எந்த ஸ்டெத் வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு: முதல் வருடத்திலேயே விலை உயர்ந்த லிட்மன் வேண்டாம், வார்டில் யாராவது இரவல் வாங்கிப் போய்த் தொலைத்துவிடுவார்கள். சாதாரணமானது போதும். ஆனால் காது முனை மட்டும் மெத்தென்ற ரப்பராக இருக்கட்டும். கெட்டி பிளாஸ்டிக் முனை காதையும் வலிக்கவைக்கும், வெளிச்சத்தத்தையும் உள்ளே விடும்.

பிபி கருவியில் எனக்குப் பிடித்தது டயல் மாடல். கஃப்பில் (கையைச் சுற்றிக் கட்டும் பட்டை) காற்று இல்லாதபோது முள் பூஜ்ஜியத்தில் நிற்கிறதா என்று தினமும் பாருங்கள். நிற்காவிட்டால் அந்தக் கருவியைத் தொடவே வேண்டாம். 2013-இல் பாதரசப் பயன்பாட்டைக் குறைக்கும் மினமாட்டா உடன்படிக்கை வந்தபின் பாதரச மாடல்கள் ஒதுங்கி வருகின்றன. உங்கள் வார்டில் இன்னும் இருந்தால், பாதரச மட்டமும் உங்கள் கண்ணும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். நின்றபடி குனிந்து பார்த்தால் அளவு தப்பும்.

நோயாளியும் கஃப்பும்

படியேறி வந்தவருக்கு உடனே பார்க்காதீர்கள். ஐந்து நிமிடம் உட்காரட்டும். அரை மணி நேரத்துக்குள் காபியோ சிகரெட்டோ ஆகியிருக்கக் கூடாது. சிறுநீர் முட்டிக்கொண்டிருந்தாலும் பிபி ஏறும். முதுகுக்குச் சாய்மானம், பாதம் தரையில், கால்மேல் கால் கூடாது. கை இதய மட்டத்தில் இருக்கட்டும், அந்தரத்தில் தூக்கிப் பிடிக்க விடாமல் தலையணையோ மேசையோ கொடுங்கள். கை கீழே தொங்கினால் அளவு கூடுதலாகக் காட்டும்.

"பாட்டி, காத்து இறங்குற வரைக்கும் பேசாதீங்க, அப்புறம் நானே எவ்வளவுன்னு சொல்றேன்" என்று முன்பே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் சரியாக நடுவில்தான் "எவ்வளவும்மா இருக்கு?" என்பார்கள்.

கஃப்புக்குள் இருக்கும் காற்றுப் பை, கையின் சுற்றளவில் 80 சதவீதத்தைச் சுற்றி வர வேண்டும். சின்ன கஃப்பைப் பருத்த கையில் திணித்தால் பிபி இல்லாதவருக்கும் பிபி வந்துவிடும். பெரியது போட்டால் குறைத்துக் காட்டும். கஃப்பின் கீழ்விளிம்பு முழங்கை மடிப்புக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் மேலே இருக்கட்டும். டியூப் ஸ்டெத்தை உரசக் கூடாது.

டயாலிசிஸுக்காக ஃபிஸ்டுலா (இரத்தக்குழாய் இணைப்பு) வைத்த கை, மார்பக அறுவை சிகிச்சையில் நெறிக்கட்டி நீக்கிய பக்கத்துக் கை, டிரிப்ஸ் ஓடும் கை, இவற்றில் கட்டக் கூடாது. கேஸ் ஷீட்டைப் பார்க்காமல் கையைப் பிடிக்காதீர்கள்.

எல்லோரும் தாவிச் செல்லும் படி: நாடி பிடிப்பது

இதற்குத்தான் இந்தப் பதிவே. ஸ்டெத்தை இன்னும் காதில் மாட்டாதீர்கள். கட்டைவிரல் பக்கத்து மணிக்கட்டு நாடியை இடது கையின் இரண்டு விரல்களால் பிடியுங்கள். உங்கள் கட்டைவிரலால் பிடித்தால் உங்கள் நாடியே குழப்பும். வலது கையால் பல்பை (காற்றேற்றும் ரப்பர் உருண்டை) அமுக்குங்கள். 70 வரை வேகமாகப் போகலாம், பிறகு பத்துப் பத்தாக ஏற்றுங்கள். எங்கே நாடி காணாமல் போகிறதோ அந்த எண்ணை மனதில் வையுங்கள். 140 என்று வைத்துக்கொள்வோம். காற்று முழுவதையும் விட்டுவிட்டு ஒரு நிமிடம் பொறுங்கள். அடுத்த முறை ஸ்டெத்தோடு ஏற்றும்போது 140-க்கு மேல் இன்னொரு 30, ஆக 170 வரை.

இதற்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்? இரண்டாவது மாதத்தில் எனக்குக் காது பழகிவிட்டது, சத்தம் நன்றாகக் கேட்க ஆரம்பித்தது. அந்தத் தெம்பில் எல்லோருக்கும் கண்ணை மூடிக்கொண்டு 170 வரை ஏற்றினேன். ஒரு பாட்டிக்கு அப்படிப் பார்த்தபோது 158-இல் சத்தம் வந்தது, 92-இல் நின்றது. 158/92 என்று எழுதிக்கொண்டிருந்தேன். ஸ்டாஃப் சிஸ்டர் எட்டிப் பார்த்தார்.

"நாடி பிடிச்சுப் பாத்தியா?"

"இல்லை சிஸ்டர்."

"அப்ப 170 போதும்னு உனக்கு யாரு சொன்னா?"

அவர் நாடியைப் பிடித்து ஏற்றினார். 190-ஐத் தாண்டியும் நாடி துடித்துக்கொண்டே இருந்தது. பிறகு 230 வரை ஏற்றி, தன் ஸ்டெத்தை என் காதில் மாட்டிவிட்டார். 196-இல் முதல் சத்தம். 176-இல் நின்றுவிட்டது. அமைதி. 158-இல் திரும்ப வந்தது. நடுவில் இருந்த அந்த அமைதிக்குத்தான் ஆஸ்கல்டேட்டரி கேப் என்று பெயர். வயதானவர்கள், நாள்பட்ட பிபி உள்ளவர்கள், இரத்தக்குழாய் விறைத்தவர்கள் சிலருக்கு இது இருக்கும். நான் நேராக அந்த இடைவெளிக்குள் இறங்கி, திரும்ப வந்த சத்தத்தை முதல் சத்தம் என்று எழுதியிருக்கிறேன். காது ஏமாந்தது, விரல் ஏமாறாது. இடைவெளியில் சத்தம்தான் இருக்காது, நாடி இருக்கும்.

இத்தாலிக்காரர் ரிவா-ரோச்சி 1896-இல் கஃப் கட்டி அளந்தபோது ஸ்டெத் கிடையாது, நாடிதான். மேல் எண் மட்டும் கிடைத்தது. 1905-இல் ரஷ்ய மருத்துவர் கொரோட்கோவ் ஸ்டெத்தை வைத்துக் கேட்ட பிறகுதான் கீழ் எண்ணும் வந்தது. நாம் பிந்தையவரை மட்டும் பிடித்துக்கொண்டு முந்தையவரை விட்டுவிட்டோம்.

இனி ஸ்டெத்

உள்ளங்கை மேலே பார்க்கட்டும். முழங்கை மடிப்பில், நடுவில் கெட்டியாக ஒரு தசைநார் தட்டுப்படும். அதற்குச் சுண்டுவிரல் பக்கமாக விரல் வைத்தால் துடிப்பு தெரியும். ஸ்டெத் அங்கேதான். கஃப்புக்குள் சொருகாதீர்கள், அழுத்தவும் வேண்டாம்.

பல்பில் இருக்கும் காற்றுத் திருகை மூடும்போது முறுக்கி இறுக்காதீர்கள். இறுக்கினால் திறக்கும்போது சட்டென்று விட்டு, முள் நாற்பது ஐம்பது இறங்கிவிடும், முதல் சத்தம் அதிலேயே போய்விடும். டயலில் ஒரு சிறு கோடு பாதரச அளவில் 2 மில்லிமீட்டர். விநாடிக்கு ஒரு கோடு, இதுதான் வேகம். ஹாஸ்டலில் ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி மூடி, அதில் கஃப்பைச் சுற்றி 200 வரை ஏற்றிவிட்டு இறக்கிப் பழகுங்கள். பூஜ்ஜியத்துக்கு வர ஒன்றரை நிமிடத்துக்கு மேல் ஆக வேண்டும். நான் முதலில் செய்தபோது பதினைந்து விநாடிதான் ஆனது.

முதலில் தொடர்ந்து கேட்கும் தட்டல் மேல் எண். சத்தம் முழுவதும் நிற்கும் இடம் கீழ் எண். கோடுகள் இரண்டிரண்டாக இருப்பதால் 125/85 என்று எழுதினால் அது நீங்கள் பார்த்த எண் அல்ல. சந்தேகமாக இருந்தால் நடுவில் நிறுத்தித் திரும்ப ஏற்றாதீர்கள். முழுதும் விட்டு, ஒன்றிரண்டு நிமிடம் கழித்துப் பாருங்கள். முதல்முறை வரும் நோயாளிக்கு இரண்டு கையிலும் பார்த்து, அதிகம் காட்டும் கையையே அடுத்தடுத்த முறையும் பிடியுங்கள்.

பின்சேர்க்கை

பதிவு போட்டபின் வந்த கேள்விகள். ஒரு தங்கை எழுதியிருந்தார்: "அக்கா, பாட்டிமாரின் ஜாக்கெட் கை இறுக்கமாக இருக்கிறது, மேலே சுருட்டிவிட்டுக் கட்டலாமா?" கூடாது. சுருட்டிய துணி கயிறு கட்டியதுபோல் இறுக்கும். திரையை இழுத்துவிட்டு அந்தக் கையை மட்டும் கழற்றச் சொல்லுங்கள். இந்த யோசனை எனக்கு முதலிலேயே வந்திருக்க வேண்டும். கண்ணாடி வளையல் சிணுங்கினால் அதையும் மணிக்கட்டிலிருந்து மேலே தள்ளிவையுங்கள்.

எல்லாம் சரியாகச் செய்தும் சத்தம் மிக மெல்லியதாக இருக்கிறது என்றார் இன்னொருவர். கஃப் கட்டியபின் நோயாளியைக் கையைத் தலைக்குமேல் தூக்கி, விரல்களை ஐந்தாறு முறை மூடித் திறக்கச் சொல்லுங்கள். கையை இறக்கியதும் உடனே ஏற்றிப் பாருங்கள், சத்தம் கூடிக் கேட்கும்.

பிரசவ வார்டில் இருப்பவர் கேட்டது: பூஜ்ஜியம்வரை சத்தம் நிற்கவே இல்லை, என்ன எழுத? கர்ப்பிணிகளில் சிலருக்கு அப்படித்தான் இருக்கும். ஸ்டெத்தை அழுத்திப் பிடித்தாலும் இப்படி ஆகும், அதனால் முதலில் கையைத் தளர்த்திவிட்டு இன்னொரு முறை பாருங்கள். அப்போதும் நிற்காவிட்டால், டொக் என்ற சத்தம் மங்கி அமுங்கும் இடத்தைக் கீழ் எண்ணாக எழுதி, பக்கத்தில் பூஜ்ஜியத்தையும் குறித்துவிடுங்கள்: 120/70/0 என்பதுபோல. பணியில் இருக்கும் சிஸ்டரிடம் வாயாலும் சொல்லிவிடுங்கள், அடுத்த ஷிஃப்டில் யாராவது அந்தப் பூஜ்ஜியத்தைப் பிழை என்று அடித்துவிடுவார்கள்.